இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவருக்குத் திருவல்லிக்கேணி வீடு ஒத்துவருமா?

ரிச்சித் தெரு ஊழியன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்குத் திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. நான் சென்னை ரிச்சித் தெருவில் மடிக்கணினி பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். என் மனைவி சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறார். நான் ஆண்கள் தங்கும் மேன்ஷனிலும் அவர் பெண்கள் விடுதியிலுமாகத்தான் இன்னும் காலம் தள்ளுகிறோம்; இருவரும் சேர்ந்து ஒரு வேளை சமைத்துச் சாப்பிட்ட நாள் இதுவரை வரவில்லை.

திருவல்லிக்கேணியில், தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு போர்ஷன் பார்த்திருக்கிறோம். கூடம், ஓர் அறை, சமையலறை, தனிக் குளியலறை. நடுவில் முற்றம்; அதைச் சுற்றி வேறு மூன்று குடும்பங்கள். வாடகை 13,000 ரூபாய், முன்பணம் பத்து மாத வாடகை. இதே பணத்துக்குத் தெற்குப் புறநகரான பெரும்பாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு கிடைக்கிறது.

இரண்டு விஷயங்களில் எங்களுக்குத் தெளிவு வேண்டும். மாதத்தில் பத்து நாட்களாவது என் மனைவிக்கு இரவுப் பணி வரும். கோயில் மேளமும் பள்ளிவாசல் பாங்கும் வண்டிக்காரர்களின் குரலும் விடியற்காலை முதல் ஓயாத இடத்தில் அவரால் பகலில் உறங்க முடியுமா என்பது ஒன்று. வீட்டுக்காரர் சைவக் குடும்பத்துக்கு மட்டுமே வாடகைக்கு விடுவாராம் என்பது மற்றொன்று. நாங்கள் மன்னார்குடிப் பக்கத்துக்காரர்கள், மீன் சாப்பிடுபவர்கள். "சைவம் என்று சொல்லிவிடுங்கள், குடிபோன பிறகு யார் வந்து அடுப்பைப் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார் தரகர். அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லும் வார்த்தையை நம்பித்தான் முடிவெடுக்க இருக்கிறோம்.

தேரடிவாசி

தம்பி, நான் பிறந்ததிலிருந்து ஐம்பத்தேழு ஆண்டுகளாக இந்தப் பேட்டையில்தான் இருக்கிறேன். ஓசையைப் பற்றிக் கேட்டதால் அதையே முதலில் சொல்கிறேன்.

அன்றாட ஓசைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. காலை ஐந்துக்குள் பால், பிறகு கோயில், பிறகு பள்ளிப் பிள்ளைகள், ஒன்பது மணிவரை காய்கறி வண்டிகள். பத்தரைக்கு மேல் மூன்று மணிவரை எங்கள் சந்துகள் நீங்கள் நினைப்பதைவிட அமைதியாக இருக்கும். திருவிழாக் காலம்தான் வேறு. பார்த்தசாரதிப் பெருமாளுக்குச் சித்திரையிலும் நரசிம்மருக்கு ஆனியிலும் பிரம்மோற்சவம் நடக்கும். ஆண்டில் இரண்டு முறை பத்துப் பத்து நாட்கள் காலையும் மாலையும் பெருமாள் மாட வீதிகளைச் சுற்றி வருவார். முன்னே நாதஸ்வரமும் தவிலும், பாசுரம் பாடும் பிரபந்த கோஷ்டியும் போகும். மார்கழி முழுவதும் விடியலுக்கு முன்பே தெரு விழித்துவிடும். வைகுண்ட ஏகாதசியன்று மாட வீதிகளில் தடுப்புகள் கட்டி விடுவார்கள். இரவுப் பணி முடிந்து களைத்து வரும் பெண் தன் வீட்டு வாசலை அடையவே அரை மணி நேரம் ஆகலாம். பெருமாள் என் வாசலில் நின்று தீபாராதனை கொள்ளும் நேரத்துக்காகவே இந்த இடத்தை விட்டு நகராதவன் நான். உங்கள் மனைவிக்கும் அப்படி ஒரு பிடிப்பு இருந்தால் அந்த ஓசை அவருக்குத் துணையாக இருக்கும். இல்லையென்றால் அந்த நாட்கள் பெரும் சிரமமாகத்தான் இருக்கும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவசியம் கேட்க வேண்டும். கடல் இங்கே கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும். துணி துவைக்கலாம், பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டபோது, எங்கள் தெருவில் லாரி வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இரவில் குடங்களோடு விழித்திருந்தோம். ஆகவே அந்த வீட்டில் நிலத்தடித் தொட்டி எவ்வளவு பெரியது, நான்கு குடும்பங்களுக்கும் எப்படிப் பங்கு, மோட்டாரை யார் எந்த நேரத்தில் போடுவார் என்று மற்றக் குடித்தனக்காரர்களிடமே கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லும் பதிலும் அவர்கள் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாக்கத்துக்காரர்

நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகள் திருவல்லிக்கேணியில் இருந்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு இங்கே வந்தவர்கள். தேரடிவாசி ஐயா அன்போடு எழுதியிருக்கிறார். அதில் பொய் இல்லை. ஆனாலும் எங்கள் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டியை நிறுத்த இடமில்லாமல் இரண்டு தெரு தள்ளி விட்டுவருவோம். மழைநாளில் சந்தில் தேங்கும் நீர் எதுவென்று தெரிந்து கால் வைக்க முடியாது. மாடுகள் தெருவை அடைத்து நிற்கும். கருவுற்றிருந்த காலத்தில் என் மனைவியை ஒரு மாடு முட்ட வந்ததிலிருந்து அவர் தனியாக வெளியே போகவே அஞ்சினார். மாநகராட்சி மாடுகளைப் பிடித்து அபராதம் விதிக்கத்தான் செய்கிறது. சில நாட்களில் அவை திரும்பி வந்துவிடும்.

இங்கே காற்றும் வெளிச்சமும் இருக்கின்றன, குழந்தைக்கு ஓட இடமிருக்கிறது. ஆனால் அலுவலகம் போய்வர நாளுக்கு மூன்று மணி நேரம் செலவாகிறது என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் மனைவி இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு இவ்வளவு தூரம் பேருந்தில் வர வேண்டும் என்பதை மட்டும் நன்றாக எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே, நான் விட்டு வந்த இடத்தை உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய மேன்ஷன்வாசி

பெரும்பாக்கத்துக்காரர் சொன்ன தூரக் கணக்கை வழிமொழிகிறேன். திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறினால் சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது பார்க் டவுன். மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் மருத்துவமனை நடை தூரம்தான். ரிச்சித் தெருவுக்கு நீங்கள் சைக்கிளிலேயே போய்விடலாம்.

தரகர் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மேன்ஷனில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் நான் பார்த்த வீடுகளுக்குக் கணக்கே இல்லை. முதலில் "பிரம்மச்சாரிகளுக்கு வீடு இல்லை" என்றார்கள். திருமணமானதும் "எந்த ஊர், என்ன ஆட்கள்" என்று சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்டார்கள். ஒரு வீட்டில் நாங்களும் சைவம் என்று சொல்லித்தான் குடிபோனோம். முட்டை ஓட்டைக் காகிதத்தில் சுற்றி, கைப்பையில் வைத்து, என் மனைவி அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று குப்பையில் போடுவார். பதினோரு மாதங்கள் அப்படி இருந்தோம். வாடகை கொடுத்து வாழும் வீட்டில் சொந்த அடுப்பின் வாசனைக்கு அஞ்சி ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய இழிவு என்பதை அனுபவித்தால்தான் தெரியும். புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்கள் அதைச் செய்ய வேண்டாம்.

தேரடிவாசி

மேன்ஷன்வாசி எழுதியதைப் படித்து வருந்தினேன். என் வீடும் சைவ வீடுதான். மேல்மாடியை வாடகைக்கு விடும்போது நானும் அந்த நிபந்தனையைச் சொல்வதுண்டு. பெருமாளுக்குத் தளிகை செய்யும் சமையலறைக்கு நேர் மேலே என்பது என் காரணம். ஆனால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு சாதியை விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், நிபந்தனையை ஒரு திரையாக வைத்து ஆட்களை வடிகட்டுகிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். தம்பி, பொய் சொல்லிக் குடிபோகாதீர்கள். அந்த வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் இந்தப் பேட்டையில் அந்த ஒரு வீடுதானா இருக்கிறது?

இரவுச் செவிலி

பதினான்கு ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறேன். அதில் எட்டு ஆண்டுகள் இராயப்பேட்டையில் இருந்தேன். பகல் உறக்கம் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஓசையையே சொல்கிறார்கள். எனக்கு ஓசையைவிடப் பெரிய பகை வெப்பம்தான். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு மின்விசிறி அனலைத்தான் வீசும். பழைய மெட்ராஸ் வீட்டின் கீழ்த்தளம் அப்படியில்லை. தடித்த செங்கல் சுவர், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை, மேலே இன்னொரு தளம் என்று எல்லாம் சேர்ந்து பிற்பகல் வரை அறையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். அந்த வகையில் உங்கள் போர்ஷன் நல்லது.

ஆனால் முற்றத்தை ஒருமுறை கவனியுங்கள். முற்றம் வெளிச்சத்தை இறக்குவதுபோலவே நான்கு வீட்டுக் குரலையும் இறக்கும். தெருவில் போகும் வண்டியின் ஓசை கடந்து போய்விடும், காதும் அதற்குப் பழகிவிடும். முற்றத்தில் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கம் அறுந்துவிடும், ஏனென்றால் அதில் சொல் இருக்கிறது. அதனால் படுக்கும் அறையின் கதவும் ஜன்னலும் முற்றத்தைப் பார்க்கின்றனவா, பக்கத்துச் சுவரைப் பார்க்கின்றனவா என்று பாருங்கள். முற்றத்தைப் பார்த்தால் எனக்கு அந்த வீடு வேண்டாம்.

இன்னொன்று, வீடு பார்க்கப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போகாதீர்கள். வேலைநாளில், இரவுப் பணி முடிந்த அதே களைப்போடு உங்கள் மனைவி காலை ஒன்பது மணிக்குப் போய், அந்த வெற்று அறையில் ஒரு பாயை விரித்து ஒரு மணி நேரம் படுத்துப் பார்க்கட்டும். வினோதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாயை முன்பணமாகக் கேட்பவரிடம் ஒரு மணி நேரம் கேட்பதில் தவறில்லை.

கணவருக்கும் ஒரு சொல். உங்கள் மனைவி உறங்கும் நேரத்தில் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். "பகலில் தூங்குகிறாளே" என்று இரு வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பங்குதான்.

ரிச்சித் தெரு ஊழியன்

செவிலியர் அக்காவுக்கு என் மனைவியின் சார்பில் நன்றி. அவர் சொன்னபடியே இன்று காலை போனோம். அறையின் ஒரே ஜன்னல் முற்றத்தைப் பார்க்கிறது. என் மனைவி பாயில் படுத்த இருபது நிமிடங்களுக்குள் முற்றத்துக் குழாயடியில் பாத்திரம் துலக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் அவர்கள் துலக்குகிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இவர்தான் எழுந்து உட்கார்ந்து, "இவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று நான் எந்த உரிமையில் சொல்வது?" என்று கேட்டார்.

வெளியே வரும்போது வீட்டுக்காரரிடம் மீன் சாப்பிடுவோம் என்பதையும் சொல்லிவிட்டோம். அவர் கோபப்படவில்லை. "சொன்னதற்கு மகிழ்ச்சி, ஆனால் என்னால் இயலாது" என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். தரகர்தான் எங்களோடு பேசாமல் போய்விட்டார். மீண்டும் தேடத் தொடங்கியிருக்கிறோம். மாட வீதிகளை விட்டு வேறு எந்தப் பக்கம் பார்ப்பது நல்லது?

ஜாம்பஜார் மகள்

தம்பி, இந்தப் பக்கம் வந்து பாருங்கள். பாரதி சாலையின் மேற்கு முனையில் ஜாம்பஜார் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களிலும், காயிதே மில்லத் சாலையை ஒட்டிய சந்துகளிலும் மாடிப் போர்ஷன்கள் காலியாவதுண்டு. காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். யாரும் உங்கள் சட்டியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் சந்தைக்கு நேரே உள்ள தெருவை எடுக்காதீர்கள். சுமை வண்டிகள் இருட்டிலேயே வந்துவிடும், மழைக்காலத்தில் காய்கறிக் கழிவின் நாற்றமும் இருக்கும். இரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்திலும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். முஸ்லிம் குடும்பம் என்பதால் என் தங்கைக்கு வேறு பகுதிகளில் ஏழு வீடுகளில் இடம் மறுத்தார்கள். எங்கள் ஆட்களிலும் வேற்று மதத்தாருக்கு வீடு தரத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே வாருங்கள். ஆனால் இந்தப் பேட்டை அப்படிப் பிரிந்து உருவானதல்ல. ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் கட்டிய பெரிய பள்ளிவாசலில், அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் சொற்றொடரை அமைத்தவர் மக்கன்லால் என்ற இந்து அறிஞர். இன்றும் ரமலான் மாதத்தில் அந்தப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருபவர்களுக்குச் சிந்தி இந்துக்கள் நடத்தும் சூஃபிதார் அறக்கட்டளையினர் உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். சிறுமியாக என் அத்தாவின் (தந்தையின்) கையைப் பிடித்துக்கொண்டு அதை முதன்முதலில் பார்த்தேன்; இப்போது என் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ரமலானில் ஓசையின் நேரம் மாறும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹருக்காக விடியலுக்கு முன்பே வீடுகள் விழிக்கும். இரவில் கடைகள் நெடுநேரம் திறந்திருக்கும். பகல் வெகு அமைதியாக இருக்கும். இரவில் வேலை செய்து பகலில் உறங்கும் உங்கள் மனைவிக்கு எங்கள் ரமலான் மாதம்தான் மிகவும் வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எழும்பூர் வழக்கறிஞர்

எந்த வீட்டை எடுத்தாலும் இதை மனத்தில் வையுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும். பழைய பத்து மாத வழக்கம் இன்னும் ஓடுவது இந்த இடைவெளியில்தான். ஆகவே பத்து என்று கேட்டால் மூன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். ஐந்தில் வந்து நின்றாலும் இளம் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் திரும்ப வேண்டும் என்பதையும், வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் சட்டத்தில் இருப்பவைதான். பகலில் உறங்குபவருக்கு இரண்டாவது மிகவும் தேவை. மின்சாரத்துக்குத் தனி இணைப்பு உள்ள போர்ஷனையே தேடுங்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதங்களுக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட்டுக்குக் கட்டணமில்லை. நான்கு குடும்பங்களுக்கும் ஒரே இணைப்பு என்றால் அந்தச் சலுகை உங்களுக்குச் சேராது, கூட்டுப் பயன்பாட்டால் கட்டண விகிதமும் ஏறும்.

பழைய மேன்ஷன்வாசி

சொல்ல மறந்துவிட்டேன். வீடு தேடி அலையும் நாட்களில் பசித்தால் ரத்னா கபேக்குப் போய் இட்லியும் வாளிச் சாம்பாரும் சாப்பிடுங்கள். நாங்கள் எந்த வீடும் கிடைக்காத மாலைகளில் அங்கேதான் உட்கார்ந்து அடுத்த நாளுக்குத் தெம்பு ஏற்றிக்கொண்டோம்.

ரிச்சித் தெரு ஊழியன் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

வீடு கிடைத்துவிட்டது. பாரதி சாலையிலிருந்து மூன்று தெரு உள்ளே, முதல் மாடியில் இரண்டு அறைகள். மேலே இன்னொரு தளம் இருக்கிறது. வாடகை 14,500. பத்து மாத முன்பணம் கேட்டார்கள்; வழக்கறிஞர் சொன்னபடி பேசி ஐந்தில் முடித்தோம். தனி மின் இணைப்பு. இதற்குக் கீழே இருப்பதை என் மனைவியே எழுதுகிறார்.

எல்லோருக்கும் வணக்கம். பழைய வீட்டை மறுத்த அன்று எனக்கு அழுகை வந்தது, ஏனென்றால் அந்த முற்றத்தில் வெயில் விழுந்த அழகைப் பார்த்தவுடனே அங்கே துளசி மாடம் வைக்கும் இடம்வரை மனத்தில் குறித்திருந்தேன். இந்த வீட்டில் முற்றம் இல்லை. படுக்கும் அறையின் ஜன்னலுக்கு எதிரே இரண்டடி தள்ளிப் பக்கத்து வீட்டின் வெற்றுச் சுவர்தான் இருக்கிறது. வெளிச்சம் குறைவு என்று வீட்டுக்கார அம்மா தாமாகவே வாடகையில் 500 ரூபாய் குறைத்தார். எனக்கோ அந்தச் சுவர்தான் வேண்டியிருந்தது.

குடிபோன முதல் வாரத்திலேயே எனக்கு இரவுப் பணி வந்தது. என் பணி நாட்களை ஒரு தாளில் எழுதிக் கீழ்வீட்டில் கொடுத்தேன். அவர்கள் அதை மாவு மில்லின் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் என் அறைக்கு நேர் கீழே இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போடுவது அவர்கள் வழக்கம். என் பணி நாட்களில் மட்டும் எட்டு மணிக்கே போட்டு நிரப்பிவிடுகிறார்கள். பதிலுக்கு நான் அந்த வீட்டுப் பெரியவருக்கு வாரம் இரண்டு முறை இரத்த அழுத்தம் பார்க்கிறேன். எல்லா நாளும் தூக்கம் வருகிறது என்று சொல்ல முடியாது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் நடந்த அன்று, பணியில்லாத இரவில்கூட நடுநிசி வரை வண்டிகளின் ஓசை அடங்கவில்லை. சந்துமுனையில் நிற்கும் மாடுகளைத் தாண்டி வர இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜாம்பஜாரில் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். ஜன்னல் திறந்தே இருந்தது. தேரடிவாசி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஆனித் தேரன்று காலை எனக்கு இரவுப் பணி முடிகிறது. தேரைப் பார்க்கவும் வேண்டும், உறங்கவும் வேண்டும். எந்த வழியாக வந்தால் இரண்டும் நடக்கும்?

தேரடிவாசி

அம்மா, ரயில் நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போக நினைக்காதீர்கள். அன்று மாட வீதிகளின் குறுக்கு வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கும். இறங்கியவுடன் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். எங்கள் திண்ணையிலிருந்து தேர் தெரியும். பார்த்த பிறகு உள்ளறையில் படுத்து உறங்குங்கள், பிள்ளைகளை நான் மாடிக்கு அனுப்பிவிடுகிறேன். கூட்டம் கலைந்தபின் தம்பி வந்து பாரதி சாலை வழியாக அழைத்துப் போகட்டும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.